லயத்து மூலையில் ஒரு பழைய டீவி: இலத்திரன் கண்டுபிடிக்கப்பட்ட கதை

பிலிமத்தலாவைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்துக்குப் பின்னால், கான் ஓரமாக மூன்று பையன்கள் குந்தியிருக்கிறார்கள். நடுவிலே ஒரு பழைய டீவி. முதுகு பெருத்த அந்தக் காலத்துப் பெட்டி. பின்மூடியைக் கழற்றியாகிவிட்டது. ஒருவன் கையில் பெரிய கல்.

ஃபெக்டரியில் நாற்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தா அந்தப் பக்கமாக வருகிறார்.

"டேய், என்னடா பண்றீங்க?"

"உள்ளுக்கு செம்புக் கம்பி இருக்குங்க தாத்தா. பழைய இரும்பு லொறிக்காரரு நல்ல காசு குடுப்பாரு. இந்தக் கண்ணாடிக் கழுத்த ஒடச்சா கழட்டிறலாம்."

தண்ணீர் வாளியோடு வந்த பேத்தி, ஓ.எல். படிக்கிற பிள்ளை, வாளியைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள்.

"கல்ல கீழ போடுங்கடா! அது வெடிக்கும்!"

"கரண்டே இல்லாத டீவி எப்படி அக்கா வெடிக்கும்?"

"அதுக்குள்ள காத்து இல்ல. அதனாலதான்."

தாத்தா சிரிக்கிறார். "காத்து நெறஞ்ச டயரு வெடிக்கும்னா சரி. காத்து இல்லாத சாமான் எப்படிம்மா வெடிக்கும்?"

இது எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடிய ஒரு காட்சிதான். ஆனால் தாத்தா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால், விஞ்ஞானத்தின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றின் கதையையே சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தில் 'இலத்திரன்' என்று ஒரு சொல் வருகிறதே, அதன் கதை. அந்த இலத்திரனைக் கண்டுபிடித்த கருவியும், கான் ஓரத்தில் கிடக்கும் அந்தப் பழைய டீவிக் கண்ணாடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கதையைக் கேட்டால் கல்லை ஏன் கீழே போட வேண்டும் என்பதும் விளங்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பழைய டீவியின் முக்கிய உறுப்பு ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. முன்பக்கம் அகலமான திரை. பின்பக்கம் போகப் போகக் குறுகி, கடைசியில் ஒல்லியான கழுத்து. குடுவைக்குள் இருந்த காற்றை ஃபெக்டரியிலேயே உறிஞ்சி எடுத்து, வாயை மூடிவிடுவார்கள். காற்று இல்லாத அந்த இடத்தை 'வெற்றிடம்' என்கிறோம்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கும் பாரம் உண்டு. ஒரு சதுர சென்ரிமீற்றர் இடத்தின் மேல் அது சுமார் 1 கிலோ பாரத்தோடு அழுத்துகிறது. நமக்கு அது தெரிவதில்லை. உடம்புக்கு உள்ளேயும் அதே அழுத்தம் இருப்பதால் சரிக்குச் சரியாகிவிடுகிறது. டீவிக் குடுவைக்குள்ளே எதிர்த்துத் தள்ள ஒன்றும் இல்லை. 14 அங்குல டீவியின் முன்கண்ணாடி மேல் மட்டும் சுமார் 600 கிலோ பாரம் இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருக்கிறது. 20 கிலோ கொழுந்து மூட்டைகள் முப்பதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல. கண்ணாடி தடிப்பாக இருப்பதால் தாங்குகிறது. கழுத்தில் ஒரு கல் விழுந்து அது உடைந்தால், காற்று ஒரே பாய்ச்சலாக உள்ளே பாயும். உள்நோக்கி நொறுங்கும் கண்ணாடி, மறுபக்கம் மோதித் தெறித்து வெளியே வரும். தாத்தாவின் கேள்விக்கு இதுதான் பதில். டயர் உள்ளே இருக்கும் காற்றால் வெடிக்கிறது. டீவிக் குடுவை வெளியே இருக்கும் காற்றால் வெடிக்கிறது.

அப்படியென்றால் இவ்வளவு சிரமப்பட்டு ஏன் காற்றை எடுக்க வேண்டும்? அங்கேதான் கதை தொடங்குகிறது.

கண்ணாடி ஊதுகிறவரின் கைவண்ணம்

1850களில் ஜேர்மனியின் பொன் நகரில் ஹைன்ரிக் கைஸ்லர் என்று ஒருவர் இருந்தார். கண்ணாடி ஊதுவது அவர் குடும்பத் தொழில். நம்முடைய பிலிமத்தலாவை வீதியோரக் கடைகளில் குத்துவிளக்கும் பித்தளைச் சாமானும் பார்க்கிறோம் அல்லவா? பித்தளையை உருக்கி வார்த்து உருவம் கொடுக்கிற கை போல, அவருடையது கண்ணாடிக்கு உருவம் கொடுக்கிற கை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு வேண்டிய கண்ணாடிக் கருவிகளைச் செய்து கொடுப்பார்.

1855ஆம் ஆண்டளவில் அவர் பாதரசத்தைக் கொண்டு வேலை செய்யும் ஒரு பம்பை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த பம்புகளைவிட அது மிக நன்றாகக் காற்றை உறிஞ்சியது. கண்ணாடிக் குழாயின் இரண்டு முனையிலும் உலோகக் கம்பியைப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, பெரிய மின் அழுத்தத்தைக் கொடுத்தால், குழாய் அழகாக ஒளி வீசியது. அதே நகரத்துப் பேராசிரியர் யூலியஸ் புளூக்கர் 1858இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். குழாயின் கண்ணாடிச் சுவரில் பச்சை வெளிச்சம் ஒன்று விழுந்தது. பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் அந்தப் பச்சைப் பொட்டு நகர்ந்தது. டோர்ச் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள், அது அசையாது. ஆக இது சாதாரண வெளிச்சம் அல்ல.

கைஸ்லர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனாலும் 1868இல் பொன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

பின்னால் வந்தவர்களும் இந்தக் குழாய்களோடு மினக்கெட்டார்கள். மின்கலத்தின் மறை முனையோடு சேரும் உலோகத் தகட்டுக்குக் 'கதோட்டு' என்று பெயர். அதிலிருந்துதான் ஏதோ ஒன்று நேர்கோட்டில் புறப்பட்டு வருகிறது என்று கண்டார்கள். 1876இல் ஓய்கன் கோல்ட்ஸ்ரைன் அதற்குக் 'கதோட்டுக் கதிர்' என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தில் வில்லியம் குரூக்ஸ் என்பவர் குழாய்க்குள் சிலுவை வடிவத்தில் ஒரு தகட்டை வைத்தார். எதிர்க்கண்ணாடியில் சிலுவையின் நிழல் தெளிவாக விழுந்தது.

அலையா? துணுக்கா?

இப்போது படித்தவர்களுக்கிடையே பெரிய வாக்குவாதம். ஜேர்மனியில் பலர் "இது வெளிச்சம் போன்ற ஓர் அலை" என்றார்கள். இங்கிலாந்தில் பலர் "இல்லை, இது மின்னேற்றம் உள்ள துணுக்குகளின் ஓட்டம்" என்றார்கள்.

எப்படித் தீர்ப்பது? ஒரு வழி இருந்தது. பெட்டரிக்கு நேர் முனை, மறை முனை என்று இரண்டு உண்டு. கதிர் போகும் வழியில் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்து, ஒன்றை நேர் முனையோடும் மற்றதை மறை முனையோடும் இணைக்க வேண்டும். கதிர் மறை ஏற்றமுள்ள துணுக்குகள் என்றால், நேர்த் தகட்டின் பக்கம் வளைய வேண்டும். அலை என்றால் வளையாது.

1883இல் ஹைன்ரிக் ஹேர்ட்ஸ் இதைச் செய்து பார்த்தார். இவர் சாதாரண ஆள் அல்ல. பிற்பாடு வானொலி அலைகளை உலகத்துக்குக் காட்டியவர். அவர் பார்த்தபோது கதிர் வளையவில்லை! "அப்படியானால் அலைதான்" என்று பலர் முடிவுகட்டினார்கள். பிரான்ஸ் நாட்டு ஜோன் பெரன் 1895இல், இந்தக் கதிர் மறை ஏற்றத்தைச் சுமந்து வருகிறது என்று காட்டினார். இருந்தும் சந்தேகம் தீரவில்லை. அந்த ஏற்றம் கதிரோடு கூட வரும் வேறு ஏதாவதாக இருக்கலாம் அல்லவா என்று கேட்டார்கள்.

ஹேர்ட்ஸ் கெட்டிக்காரர். அவர் பார்த்ததும் பொய் அல்ல. பின்னே தவறு எங்கே?

புத்தகக் கடைக்காரரின் மகன்

ஜே. ஜே. தொம்சன் 1856இல் மான்செஸ்டர் நகரின் ஓரத்தில் பிறந்தவர். அப்பா பழைய புத்தகங்கள் விற்பவர். மகனை ரயில் இஞ்சின் கட்டும் கம்பனி ஒன்றில் தொழில் பழக விடவேண்டும் என்பது வீட்டு யோசனை. அந்தக் காலத்தில் தொழில் பழகச் சேர்வதற்கே பெருந்தொகை கட்ட வேண்டும். பையனுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். பணம் கட்ட வழியில்லை. தொழிற்பயிற்சி கைநழுவிப் போனது. படிப்பு உதவிப் பணங்களைப் பெற்றுத்தான் அவர் மேலே படித்தார். 1876இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டிக் கல்லூரிக்குப் போனார். 1884இல், இருபத்தெட்டு வயது ஆகிற தறுவாயில், அங்குள்ள கவெண்டிஷ் ஆய்வுகூடத்துக்கே பேராசிரியராகிவிட்டார்.

தொம்சனுக்கு மூளை வேலை செய்த அளவுக்குக் கை வேலை செய்யாது. கருவிகளைத் தொட்டால் ஏதாவது உடையும். அதனால் கருவிகளை அவர் தொடாமல் பார்த்துக்கொள்வதே ஆய்வுகூடத்தில் ஒரு வேலையாக இருந்ததாம். அவருக்காகக் கண்ணாடிக் குழாய்களை ஊதி, வளைத்து, ஒட்டி, கம்பி பூட்டிக் கொடுத்தவர் எபனேசர் எவரெட் என்ற உதவியாளர். 1887இலிருந்து 1930 வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், தொம்சனோடு வேலை செய்தார். நோபல் பரிசு தொம்சனுக்குக் கிடைத்தது. அது சரிதான், யோசனையும் கணக்கும் அவருடையவை. ஆனால் ஒரு மயிரிழை வெடிப்புக்கூட இல்லாமல் குழாயை ஒட்டிய கை எவரெட்டின் கை. வெடிப்பு இருந்தால் காற்று உள்ளே போகும். காற்று போனால் சோதனை கெட்டுவிடும்.

மூடுபனியை விலக்கியது போல

ஹேர்ட்ஸின் தவறு எங்கே என்று தொம்சன் யோசித்தார். அவருக்குத் தோன்றியது இதுதான்: குழாய்க்குள் இன்னும் காற்று மிச்சம் இருந்திருக்க வேண்டும். கதோட்டுக் கதிர் அந்தக் காற்றில் மோதும்போது, காற்றின் அணுக்களும் மின்னேற்றம் பெற்றுவிடும. அந்தத் துணுக்குகள் போய்த் தகடுகளைச் சூழ்ந்துகொள்ளும். அப்புறம் தகடுகளின் இழுவை கதிரைச் சென்று சேராது.

காலையில் பெரட்டுக்குப் போகும்போது மூடுபனி இறங்கியிருந்தால், எதிர் மலையில் எரிகிற லைட் நமக்குத் தெரிகிறதா? லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். நடுவில் நிற்கிற பனி அதை மறைக்கிறது. அதுபோலத்தான். பனி விலக வேண்டும். அதாவது மிச்சக் காற்றும் போக வேண்டும்.

இது ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. அந்தக் காலத்துப் பம்பில் மணிக்கணக்காகக் காற்றை உறிஞ்ச வேண்டும். அப்போதும் கண்ணாடிச் சுவரிலும் உலோகத் தகட்டிலும் வாயு ஒட்டிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை ஓடவிட்டால் அது சூட்டில் கழன்று வரும். அதையும் உறிஞ்ச வேண்டும். மறுபடி ஓடவிட வேண்டும், மறுபடி உறிஞ்ச வேண்டும். நாள் நாளாக இதே வேலை.

கடைசியில் 1897இல் கதிர் வளைந்தது. நேர்த் தகட்டின் பக்கமாகவே வளைந்தது. வெறும் 2 வோல்ட் கொடுத்தபோதுகூட, அதாவது இரண்டு சின்ன டோர்ச் பெட்டரி அளவுக்கும் குறைவான மின் அழுத்தத்தில்கூட, வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. காற்று மிச்சமிருந்தால் வளையவில்லை. நல்ல வெற்றிடமானால் வளைந்தது. ஹேர்ட்ஸ் கண்டது என்ன, ஏன் அப்படிக் கண்டார் என்று இரண்டுக்கும் விடை கிடைத்தது. கதோட்டுக் கதிர் என்பது மறை ஏற்றமுள்ள துணுக்குகளின் ஓட்டம்.

தூளைப் பிரிக்கிற மெஷினும் தொம்சனின் கணக்கும்

சரி, துணுக்குகள்தான். எவ்வளவு பெரியவை? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி எடை போடுவது?

தேயிலை ஃபெக்டரியில் சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது லேசாக விளங்கும். காற்றடித்துத் தூளைப் பிரிக்கும் மெஷினில் என்ன நடக்கிறது? பாரமானது கிட்டே விழுகிறது. இலேசானது காற்றோடு தூரப் போய் விழுகிறது. எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்று பார்த்தாலே, தராசில் வைக்காமல், எது இலேசு எது பாரம் என்று சொல்லிவிடலாம்.

தொம்சன் செய்ததும் அந்த மாதிரியான காரியம். காற்றுக்குப் பதிலாக அவர் காந்தத்தையும் மின் தகடுகளையும் வைத்தார். தகடுகள் ஒரு பக்கம் இழுக்க, காந்தம் எதிர்ப்பக்கம் தள்ள, இரண்டையும் தராசுத் தட்டுப் போல் சமப்படுத்தினார். கதிர் நேராகப் போகும் நிலையில் இரண்டின் அளவையும் பார்த்தால் துணுக்கின் வேகம் தெரிந்துவிடும். வேகம் தெரிந்த பிறகு, தகடுகளால் மட்டும் எவ்வளவு வளைகிறது என்று அளந்தால், துணுக்கின் திணிவுக்கும் அது சுமக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள விகிதம் கிடைக்கும்.

விடை அவரையே யோசிக்க வைத்தது. அணுக்களில் மிக இலேசானது ஐதரசன் அணு. மின்னேற்றம் பெற்ற ஐதரசன் அணுவுக்குரிய விகிதத்தைவிட இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருந்தது. அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். துணுக்கு மிகமிகச் சிறியதாக இருக்கலாம், அல்லது அது சுமக்கிற மின்னேற்றம் மிகப் பெரியதாக இருக்கலாம். 1899இல் அவர் மின்னேற்றத்தையும் தனியாக அளந்து, முதலாவதுதான் சரி என்று உறுதிப்படுத்தினார். இன்றைய சரியான கணக்குப்படி, சுமார் 1,836 இலத்திரன்கள் சேர்ந்தால்தான் ஐதரசன் அணுவின் கருவிலுள்ள ஒரு புரோத்தனின் திணிவு வரும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குழாய்க்குள் சாதாரணக் காற்றை விட்டுப் பார்த்தார், ஐதரசனை விட்டுப் பார்த்தார், காபனீரொட்சைட்டை விட்டுப் பார்த்தார். கதோட்டுத் தகட்டை அலுமினியத்தில் செய்தார், பிளாட்டினத்தில் செய்தார. எதை மாற்றினாலும் துணுக்கு ஒன்றுதான். அப்படியானால் இது ஒரு பொருளுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. எல்லாப் பொருளுக்குள்ளும் இருக்கிறது. இரும்பிலும் இருக்கிறது, தேயிலை இலையிலும் இருக்கிறது, நம் உடம்பிலும் இருக்கிறது.

அதுவரை அணுவை உடைக்கவே முடியாது என்று நம்பியிருந்தார்கள். அணுவுக்குள்ளும் அதைவிடச் சிறிய உறுப்பு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கேலி பண்ணுகிறார்" என்று நினைத்தவர்

1897 ஏப்ரல் 30ஆம் திகதி லண்டனில் ரோயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் தொம்சன் இதைப் பற்றி உரையாற்றினார். சபையில் இருந்த பலர் நம்பவில்லை. அன்று வந்திருந்த விஞ்ஞானி ஒருவர், "நீங்கள் எங்களைக் கேலி பண்ணுகிறீர்கள் என்றே நினைத்தேன்" என்று பின்னாளில் தன்னிடம் சொன்னதாகத் தொம்சனே எழுதியிருக்கிறார்.

அவர் அந்தத் துணுக்குக்கு வேறு பெயர்தான் வைத்திருந்தார். 'இலத்திரன்' என்ற பெயர் அயர்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்ரோனி என்பவர் 1891இல் மின்னேற்றத்தின் மிகச் சிறிய அளவுக்கு வைத்த பெயர். அதுவே பிறகு துணுக்குக்கும் நிலைத்துவிட்டது. அதே 1897இல் ஜேர்மனியில் எமில் வீச்சர்ட், வால்ற்றர் கௌஃப்மன் ஆகியோரும் இதேபோன்ற அளவுகளை எடுத்திருந்தார்கள். ஆனால் எல்லா அணுவுக்கும் பொதுவான உறுப்பு இது என்று துணிந்து சொல்லிக் காட்டியவர் தொம்சன்தான். 1906இல் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நம் கண்டிச் சீமையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்டு 30 வருஷம் ஆகியிருந்தது. நம் மூத்தவர்கள் குப்பி விளக்கில் லயத்தில் வாழ்ந்த காலம். இலத்திரன் அவர்களைத் தேடி வர இன்னும் வெகு காலம் இருந்தது.

நம் வீட்டுக்கு வந்த வழி

அந்தக் கண்ணாடிக் குழாயிலிருந்து பல சாமான்கள் பிறந்தன.

முதலாவது எக்ஸ்ரே. 1895 நவம்பரில் ரொன்ட்ஜன் என்ற ஜேர்மன் பேராசிரியர் கதோட்டுக் கதிர்க் குழாயோடு வேலை செய்யும்போதுதான் எக்ஸ் கதிரைக் கண்டார். மலையில் சறுக்கி விழுந்து கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறார்களே, அந்த மெஷினுக்குள்ளும் இலத்திரன்கள்தான் வேகமாகப் போய் உலோகத்தில் மோதுகின்றன.

இரண்டாவது ரேடியோ. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. பழைய ரேடியோப் பெட்டிக்குள் செக்கச் செவேலென்று எரிகிற சின்னக் கண்ணாடிக் குமிழ்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 'வால்வு' என்று சொல்வோம். சூடான கம்பியிலிருந்து இலத்திரன்கள் வெற்றிடத்தில் ஓடுகிற கருவி அது.

மூன்றாவது டீவி. தொம்சன் இலத்திரனைக் கண்ட அதே 1897இல் ஃபெர்டினண்ட் பிரவுன் என்பவர் கதோட்டுக் கதிரைக் காந்தத்தால் அசைத்து, திரையில் கோடு போட வைத்தார். டீவிக் குடுவைக்கு அதுதான் பாட்டன். இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கின. பிதுருதலாகலை மலையுச்சியில் ரூபவாஹினிக் கோபுரம் எழுந்தது. தோட்டத்தில் ஒரு வீட்டில் டீவி இருந்தால் லயமே அங்கே கூடியிருந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தப் பெட்டியில் நடந்தது இதுதான். கழுத்துப் பக்கத்தில் ஒரு கதோட்டு சூடாகி இலத்திரன்களைக் கக்கும். கழுத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மின்சாரம் ஓடும்போது அது காந்தமாகி, இலத்திரன் கற்றையை இடமும் வலமும் மேலும் கீழுமாக வளைக்கும். கற்றை திரையின் உட்பக்கத்தில் பூசிய பொடியில் பட்டதும் வெளிச்சம் வரும். இப்படி வரி வரியாக ஓடி, ஒரு செக்கனுக்கு 25 படம் காட்டும். டீவியைப் போட்டதும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்க்குமே, அதுவும் மின்னேற்றத்தின் வேலைதான்.

அந்தப் பையன்கள் எந்தச் செம்புக் கம்பிக்காகக் கல்லைத் தூக்கினார்களோ, அது புளூக்கரும் தொம்சனும் கையில் பிடித்த காந்தத்தின் வாரிசு!

சென்னையிலிருந்து போன ஒரு மாணவர்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று யாராவது நினைத்தால் இதையும் கேளுங்கள்.

1928இல் ஆர்னோல்ட் சொமர்ஃபெல்ட் என்ற ஜேர்மன் பேராசிரியர் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பதினெட்டு வயதை ஒட்டிய ஒரு மாணவர் அவரைத் தேடி அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போனார். "நான் உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன்" என்றார். "அதெல்லாம் பழசாகிவிட்டது" என்று சொன்ன பேராசிரியர், உலோகத்துக்குள் இலத்திரன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தான் புதிதாக எழுதி, இன்னும் அச்சாகாமல் இருந்த கட்டுரையை அந்த மாணவரிடம் கொடுத்தார். மாணவர் சோர்ந்துபோகவில்லை. அதைப் படித்து, அடுத்த வருஷமே லண்டன் ரோயல் சொசைட்டி வெளியீட்டில் தன் கட்டுரையை வரவைத்தார்.

அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் பத்தொன்பது வயதில் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில், எரிந்து முடிந்த நட்சத்திரத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் இலத்திரன்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் தாங்காது என்பதே இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அவருடைய விடையையும் முதலில் பெரியவர்கள் சிலர் ஏற்கவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. கேம்பிரிட்ஜில் அவர் சேர்ந்தது டிரினிட்டிக் கல்லூரியில். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனும் முன்பு அங்கேதான் இருந்தார். சந்திரசேகர் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? வயதான ஜே. ஜே. தொம்சன்.

பழைய பெட்டியை என்ன செய்வது?

இப்போது தட்டை டீவி வந்துவிட்டது. அதற்குள் கதோட்டுக் கதிர்க் குடுவை இல்லை. பழைய பெட்டிகள் இஸ்தோப்பு மூலையிலும் கோழிக்கூட்டுப் பக்கத்திலும் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிச் சில விஷயங்களைக் கட்டாயம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கழுத்தை உடைக்கவே கூடாது. தெறிக்கிற கண்ணாடி கண்ணைப் பறித்துவிடும். பிள்ளைகள் அதை வைத்து விளையாடவும் விடாதீர்கள்.

பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் டீவிக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேலான மின் அழுத்தம் உண்டு. சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது உள்ளே தங்கி நிற்கும். திருத்துவது தொழில் தெரிந்தவர் வேலை.

குடுவையின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. திரையில் பூசிய பொடியும் உடம்புக்கு ஆகாது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கானில் போட்டால் மழைத் தண்ணீரோடு ஓடைக்குப் போகும், ஓடை மகாவலிக்குப் போகும். அந்தத் தண்ணீரைத்தான் யாரோ குடிக்கப் போகிறார்கள்.

செம்பு எடுக்க வயரை எரிக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு.

பெட்டியை உடைக்காமல், நனையாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மின்கழிவுகளைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சேர்ப்பது எப்படி என்று பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ கேட்டுப் பாருங்கள். ஒரு லயத்தில் பத்துப் பெட்டி இருந்தால், சேர்ந்து ஒரே தடவையில் கொடுப்பது எல்லோருக்கும் லேசு.

கான் ஓரத்துக்கு ஒருதரம் திரும்பிப் போவோம். பையன் கல்லைக் கீழே போட்டுவிட்டான். தாத்தா பெட்டியைத் தூக்கி இஸ்தோப்பில் வைத்துச் சாக்கால் மூடுகிறார். பேத்தி வாளியை எடுக்கிறாள்.

"ஏம்மா, அந்தக் கண்ணாடி ஊதினவரு பேரு என்னன்னு சொன்ன?"

"எவரெட்டுங்க தாத்தா."

"பரீட்சையில அந்தப் பேரையும் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க தாத்தா. தொம்சனத்தான் கேப்பாங்க."

"கேக்காட்டியும் நீ ஞாபகம் வச்சுக்கோ" என்கிறார் தாத்தா.